வாயசைத்தவரும் பாடியவரும்

யூரோடான்ஸ் என்றதும் நம் தோழர்கள் முகம் சுளிப்பார்கள். சந்தைச் சரக்கு, மூளையை மழுங்கடிக்கும் இரைச்சல் என்று கதையை முடித்துவிடுவார்கள். சந்தைச் சரக்குதான், யார் இல்லையென்றது? ஆனால் அந்தச் சரக்கில் பெரும்பகுதி மறந்துபோன பிறகும், 1993இல் இத்தாலியில் வெளிவந்த கொரோனா குழுவின் ‘த ரிதம் ஆஃப் த நைட்’ இன்னும் சாகவில்லையே, ஏன்?

முதலில் ஒலி. நிமிடத்துக்குச் சுமார் 128 அடி. இயந்திர அடி, களைப்பதில்லை, பிசகுவதில்லை. அதன் மேல் ஒரு பெண்குரல். ஆட்டத்துக்குக் கூப்பிடுகிற பாட்டுதான், ஆனால் மெட்டு மைனரில் நகர்வதால் கூப்பிடும்போதே ஒரு துக்கம் கூட வருகிறது. இயந்திரம் மூச்சு வாங்காது, குரல் வாங்கும். இந்த முரண்தான் நம்மை இழுக்கிறது என்பேன்.

அந்தக் குரல் யாருடையது? காணொளியில் வாயசைத்து ஆடுபவர் பிரேசிலில் பிறந்த ஓல்கா சோசா. பாடியவர் ஜென்னி பி எனப்படும் ஜொவான்னா பெர்சோலா; அவர் முகம் அதில் இல்லை. இது தற்செயலல்ல. 1989இல் பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழு, அமெரிக்கக் கறுப்பினப் பாடகி லோலியாட்டா ஹாலோவே 1980இல் பாடிய பாட்டிலிருந்து குரலை வெட்டியெடுத்தது. அதற்கு வாயசைக்க ஒரு மாடலை நிறுத்தியது. உழைப்பு ஒருவருடையது, காட்சிக்கு இன்னொரு உடல், லாபம் வேறெங்கோ.

இதே பாட்டை கிளேர் தெனி 1999இல் ‘போ த்ரவாய்’ படத்தின் முடிவில் வைத்தார். பிரெஞ்சு அயல்நாட்டவர் படையிலிருந்து விலக்கப்பட்ட கலூப், படுக்கையைப் படைவீரனுக்குரிய ஒழுங்கோடு விரித்து, கைத்துப்பாக்கியோடு படுக்கிறான். அடுத்து, யாருமில்லாத நடனக்கூடத்தில் தனியே ஆடுகிறான். கட்டளைக்கே பழகிய உடல் கட்டளையில்லாமல் தெறிக்கிறது. செத்தானா, பிழைத்தானா? படம் சொல்வதில்லை. முகத்திலிருந்து பிரிக்கப்பட்ட குரல் என்பதால்தானோ, எந்த உடலும் அதற்குள் நுழைந்துகொள்ள முடிகிறது. 2019இல் பிளாக் ஐட் பீஸ் அதை எடுத்து ‘ரித்மோ’ செய்தபோதும் அது இடம் கொடுத்தது.

இந்தத் தாராளத்தை விடுதலை என்று மட்டும் கொண்டாட என்னால் முடியவில்லை. ஒரு பெண்ணைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தித்தான் அது கிடைத்தது. திருட்டு என்று மட்டும் சொல்லி ஒதுக்கினாலோ, கலூப்பின் ஆட்டத்தை விளக்க முடியாமல் போகிறது. விமர்சனம் இரண்டையும் சேர்த்துத்தான் பேசியாக வேண்டும். ஜென்னி பி 2000இல் சான்ரெமோ விழாவின் புதியவர் பிரிவில், தன் முகத்தோடு மேடையேறிப் பாடி முதற்பரிசு வாங்கினார். ஆடுவோம், வேண்டாமென்று சொல்லவில்லை. பாடியவர் பெயரைச் சொல்லிவிட்டு ஆடுவோம்.