‘வரவே வராது’, ‘சூப்பர்டா’

அரியலூர் மாவட்டம் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் மூலவராக நிற்பது ஒரு கல்தூண். அங்கே பிள்ளையைத் தோளில் சுமந்து வரும் யாரும், “என் புள்ள கெட்டிக்காரன்” என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கண்ணு பட்டுவிடும். திட்டுவதற்கு மட்டும் அந்தக் கூச்சம் கிடையாது: “உனக்குக் கணக்கு வரவே வராது!”

பாராட்டியே வளர்க்கச் சொல்லும் ‘நேர்மறை வளர்ப்பு’ இந்த வசவைத்தான் முதலில் பிடிக்கிறது. சரியான பிடி. தோல்வியை நிரந்தரமானதாக விளக்கிக்கொள்ளும் பிள்ளை முயற்சியைக் கைவிடும் என்பது, அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் 1995-இல் எழுதிய நூலின் சாரம். நம் ‘வரவே’யில் உள்ள ஏகாரம் செய்வது அதைத்தான். “பின்னத்துல தடுமாறுற” என்றால் நாளைக்குத் திருத்தலாம்; ‘வரவே வராது’ என்றால் எதைத் திருத்துவது?

ஆனால் அந்த இடத்தில் ‘சூப்பர்டா’ வந்து உட்கார்ந்தால் போதுமா? உளவியலாளர்கள் முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ‘நீ புத்திசாலி’ என்று புகழப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களைத் தவிர்த்தார்கள், தோற்றதும் துவண்டார்கள், மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் உண்டு. வெறும் புகழ்ச்சியை செலிக்மனே ஏற்கவில்லை. அவர் பேரைச் சொல்லி நடக்கும் பயிற்சி வகுப்புகளுக்கு இது எட்டியதாகத் தெரியவில்லை.

எனக்குப் பெரிய உறுத்தல் வேறு. எல்லாப் பொறுப்பையும் இந்த வளர்ப்பு முறை வீட்டின் தலையில் கட்டுகிறது. சிமெண்ட் ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வரும் அப்பா, தூங்குவாரா, பொறுமையாகப் பேசிக்கொண்டிருப்பாரா? இதே மாவட்டத்துக் குழுமூர் மாணவி அனிதா பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 எடுத்தவர். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை எதிர்த்து 2017-இல் உச்ச நீதிமன்றம் வரை போனவர்; ஆனாலும் இடம் கிடைக்கவில்லை. அவரிடம் நம்பிக்கை குறைவாக இருந்தது என்று சொன்னால் அது அபாண்டம். அடைபட்டது வெளிவாசல். அதை எந்த வளர்ப்பு முறையாலும் உள்ளிருந்து திறக்க முடியாது.

அப்படியானால் வீட்டில் செய்ய என்ன இருக்கிறது? கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறை, ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தது. கல்லாகிப்போன சிப்பிகள் அதில் கிடக்கின்றன. அப்படி ஒன்றைப் பொறுக்கி வந்து, “இங்க கடல் இருந்துச்சாப்பா? எங்க போச்சு?” என்று பிள்ளை கேட்கிறது. ‘சூப்பர்டா’ என்று சொல்லிவிட்டு செல்போனுக்குத் திரும்பலாம். “தெரியலையே சாமி, எங்க எடுத்த? காட்டு” என்று செருப்பை மாட்டிக்கொண்டும் கிளம்பலாம்.