நற்செய்தி நூல்களில் அதிகாரமும் ஈகமும்: வினைச்சொற்கள் வழி ஒரு திறனாய்வு

1. ஏசுவின் சாவு தந்தையின் கட்டளைக்குப் பணிந்ததா, தாமே விரும்பி ஏற்றதா என்னும் வினா இறையியலார்க்கு மட்டும் உரியதன்று. ஒரு செயலுக்கு உரியவர் யார் என்பதை எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள உறவே உணர்த்துவதால், அது மொழியியல் வினாவும் ஆகிறது. மாற்கு, யோவான் ஆகிய இரு நற்செய்திகளின் கிரேக்க மூலத்தையும், 1871-இல் நிறைவுற்ற பௌவர் குழுவினரின் மொழிபெயர்ப்பு வழிவந்து இன்றும் வழங்கும் பழைய தமிழ்ப் பெயர்ப்பையும் ஒப்பிட்டு நோக்கினால், இவ்வினாவுக்கு ஓரளவு தெளிவு கிடைக்கிறது.

2. மாற்கின் பாடுகளின் வரலாற்றைப் பிணைத்து நிற்பது ‘பாராதிதோமி’ என்னும் வினை. ‘கையளித்தல்’ என்பது இதன் அடிப்படைப் பொருள். யூதாசு கையளிக்கிறான் (14:10). தலைமைக் குருக்கள் பிலாத்துவிடம் கையளிக்கின்றனர் (15:1). பிலாத்து சிலுவைச் சாவுக்குக் கையளிக்கிறான் (15:15). எழுவாய்கள் மாறுகின்றன, செயப்படுபொருள் மாறுவதில்லை. எனினும் ஏசு செயலற்றவர் அல்லர். கெத்செமனேத் தோட்டத்தில் அவர் தம் விருப்பத்தையும் தந்தையின் விருப்பத்தையும் வேறுபடுத்திக் கூறிய பின்னரே தம் விருப்பத்தை விடுகிறார் (14:36). இரண்டு விருப்பங்கள் இருந்தன என்பதை மாற்கு மறைக்கவில்லை. அதனாலேயே அங்கு ஈகம் மெய்யான இழப்பாகத் தோன்றுகிறது.

3. யோவான் அமைப்பு வேறு. அங்கும் ‘பாராதிதோமி’ யூதாசிலிருந்து பிலாத்து வரை (19:16) தொடர்கிறது. ஆனால் சாவின் நொடியில் அதே வினைக்கு ஏசுவே எழுவாய் ஆகிறார். ஆவியைக் கையளிப்பவர் அவரே (19:30). இதே இடத்தில் மாற்கு ‘உயிர்த்தல் நின்றது’ என்னும் பொருள்பட வேறொரு வினையை ஆள்கிறார் (15:37). பிறர் செய்த செயலைக் குறித்த சொல்லை இறுதியில் ஏசுவின் செயலாக்குவது யோவானின் தனித்தன்மை எனலாம்.

இதற்கான அடிப்படை 10:17-18 பகுதியிலேயே இடப்பட்டுள்ளது. பகைவர் பறிப்பதற்கு ‘அய்ரோ’, ஏசு கீழே வைப்பதற்குத் ‘திதேமி’, மீண்டும் எடுப்பதற்கு ‘லம்பானோ’ என மூன்று வினைகள் அங்கு ஆளப்படுகின்றன. தந்தையிடம் கட்டளையைப் பெற்றதைக் குறிப்பதும் அதே ‘லம்பானோ’தான். உயிரை மீண்டும் எடுக்கும் அதிகாரமும் கட்டளையை ஏற்கும் பணிவும் ஒரே வினையில் நிற்கின்றன. ஆதலின், கட்டளையா விருப்பமா என்னும் எதிர்நிலையை யோவானின் நடை ஏற்கவில்லை என்பது புலனாகும். சீடர் கால் கழுவும் காட்சியில் மேலாடையைக் களைந்து வைப்பதற்கும் (13:4) மீண்டும் எடுத்து அணிவதற்கும் (13:12) இவ்விரு வினைகளே வருகின்றன. சாவும் உயிர்ப்பும் ஒரு பணியாளின் செயலில் முன்னரே காட்டப்படுகின்றன.

4. தமிழ்ப் பெயர்ப்பில் இவ்வலைப்பின்னல் ஓரளவே எஞ்சுகிறது. யூதாசின் செயல் ‘காட்டிக்கொடு’ எனவும், பிலாத்துவின் செயலும் ஏசுவின் இறுதிச் செயலும் ‘ஒப்புக்கொடு’ எனவும் பெயர்க்கப்பட்டுள்ளன. இதனால் பிலாத்துவுக்கும் ஏசுவுக்கும் இடையிலான சொல்லுறவு காக்கப்பட, யூதாசு அத்தொடரிலிருந்து நீங்கிவிடுகிறான். மூலத்தில் வேறுபட்ட ‘அய்ரோ’, ‘லம்பானோ’ இரண்டும் 10:18-இல் ‘எடுத்துக்கொள்’ என ஒன்றாகின்றன. மூலத்தில் ஒன்றான ‘லம்பானோ’வோ ‘எடுத்துக்கொள்’, ‘பெற்றுக்கொள்’ என இரண்டாகிறது. ‘திதேமி’ ‘கொடு’ ஆகிவிடுவதால், மீட்புப் பொருளாகத் தம் உயிரைக் கொடுப்பதாக மாற்கு கூறுமிடத்திலிருந்து (10:45) யோவானின் கூற்று வேறுபட்டு ஒலிப்பதில்லை.

இதனை மொழிபெயர்ப்பாளரின் குறை எனக் கொள்வது பொருந்தாது. தமிழில் ‘உயிரைக் கொடுத்தல்’ ஈகத்தைக் குறிக்கும். ‘உயிரை வைத்தல்’ என்பதோ ஒருவர்மீது பேரன்பு கொள்ளுதலையே குறிக்கும். ‘காட்டிக்கொடு’ என்பதற்கு ஈடாக இரண்டகத்தை உணர்த்தும் எளிய வினையும் வேறில்லை. தமிழ் மரபு கேட்டதைப் பெயர்ப்பாளர் செய்துள்ளனர்.

5. எனினும் இழப்பு சிறிதன்று. கொடுத்தது பெறுபவர்க்கு உரியதாகிவிடும். வைத்ததோ வைத்தவர்க்கு உரியதாகவே இருக்கும். யோவான் கூறும் அதிகாரம் இவ்வேறுபாட்டில் தங்கியுள்ளது. ‘அதிகாரம்’ என்னும் சொல்லை மட்டும் தமிழ்ப் பெயர்ப்பு 10:18-இலும் பிலாத்துவின் உரையாடலிலும் (19:10-11) மாறாது காத்துள்ளது. கொல்லவும் விடுவிக்கவும் தனக்கு அதிகாரம் உண்டு என்னும் ஆளுநன் முன், உயிரை வைக்கவும் எடுக்கவும் அதிகாரம் உடையவர் கைதியாக நிற்கிறார். வினைகள் இழந்ததில் ஒரு பகுதியை இப்பெயர்ச்சொல் மீட்டுத் தருகிறது. நற்செய்திகளைத் தமிழில் மட்டும் பயில்வோர் இச்சொல்லைப் பின்தொடர்ந்தால், மாற்கின் ஏசு இழந்து கீழ்ப்படிவதையும், யோவானின் ஏசு கீழ்ப்படிதலிலேயே ஆள்வதையும் வேறுபடுத்தி உணர இயலும்.