லாரிப் பட்டையில் பிறக்கும் கத்தி

காயலான் கடை மூலையில் துருவேறிக் கிடக்கும் லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொல்லர் பார்க்கும் பார்வையே தனி. எடைக்கு வாங்கும் பழைய இரும்பில் அவருக்கு அதுதான் முதல் தரம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளும் பெரும்பாலும் இந்தப் பட்டையில்தான் உருவாகிறது.

பாரம் ஏறினால் வளைந்து, இறங்கினால் நிமிர வேண்டிய உருக்கு அது. கரி சுமார் 0.6 சதவீதம். சன்னல் கம்பியில் அதில் பாதிகூட இராது. அதனால்தான் கம்பியை எவ்வளவு தட்டினாலும் வாய் நிற்பதில்லை.

உலையில் பழுத்த பட்டையைத் துண்டாக்கி, சம்மட்டியால் நீட்டி, முதுகைத் தடிப்பாகவும் வாயை மெல்லிதாகவும் இறக்குகிறார்கள். வித்தையெல்லாம் துவைச்சலில் இருக்கிறது. செக்கச்செவேலென்ற வாயைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கினால் கெட்டிப்படும். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். மறுபடி லேசாகச் சூடு காட்டும்போது, தேய்த்த இடத்தில் வைக்கோல் நிறம் ஓடும். ஏறக்குறைய 220 டிகிரி. கொல்லருக்கு வெப்பமானி அந்த நிறம்தான். நீலம் வரை போகவிட்டால் வாய் மழுங்கும் சாதியாகிவிடும்.

ஓடி உழைத்த பட்டையில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அதைக் கண்டு ஒதுக்குவதும் தொழிலில் பாதி.

இந்தக் கத்தி துருப்பிடிக்கும். அதைக் குறையென்று சொல்லாதீர்கள். நறுக்கி முடித்ததும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். சாணை பிடிக்கப் பிடிக்கப் பேரன் காலம் வரை உழைக்கும்.