சாலட் கிண்ணமும் ஒரு போன் காலும்

டெனி வில்னெவ் இயக்கிய 'அரைவல்' படத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். 2016-ல் படம் வந்த புதிதில் தியேட்டரில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் மனைவி இருந்ததால் இருமுவது போலச் சமாளித்தேன். அடுத்த வருஷம் மூலக்கதையைப் படித்துவிட்டு மறுபடி பார்த்தேன், செம கடுப்பாகிவிட்டது. மூன்றாவது தடவை பார்த்தது வேறு ஒரு சமயத்தில். அதைப் பிறகு சொல்கிறேன்.

"புக் நல்லாருக்கா, படம் நல்லாருக்கா" என்ற சண்டை பெரும்பாலும் வெட்டிச் சண்டைதான். இரண்டும் வேறு வேறு சாமான். ஆனால் இந்தப் படத்தை எடுத்தவர்கள் கதை கேட்ட கேள்வியையே மாற்றிவிட்டார்கள் என்பது என் கட்சி. அதனால் இந்த ஒரு தடவை சண்டை போட்டுத்தான் ஆகவேண்டும். இரண்டின் முடிவையும் சொல்லாமல் பேச முடியாது. பார்க்காதவர்கள், படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு அப்புறம் வாருங்கள்.

டெட் சியாங் எழுதிய 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' 1998-ல் வந்தது. குறுநாவலுக்கான நெபுலா விருது வாங்கிய கதை. சியாங் சாஃப்ட்வேர் துறையில் டெக்னிகல் ரைட்டராக வேலை பார்த்தவர். அதாவது நாம் யாரும் படிக்காத மேனுவல்களை எழுதுகிற ஆள். கதையைப் படித்தால் அந்தத் தொழிலின் ஒழுங்கு தெரியும், ஒரு ஸ்க்ரூகூட லூஸாக இருக்காது.

கதை இதுதான். வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வருகிறார்கள். ஏழு கால்கள் இருப்பதால் ஹெப்டபாட் என்று பெயர் வைக்கிறார்கள். லூயிஸ் என்ற மொழியியலாளரும் ஒரு இயற்பியலாளரும் அவர்களோடு பேச முயல்கிறார்கள். அவர்கள் எழுத்து வரிசையாகப் போகாது. ஒரு முழு வாக்கியம், சில சமயம் ஒரு முழுக் கட்டுரையே, ஒரே சித்திரமாக இருக்கும். முதல் கோட்டைப் போடும்போதே கடைசிக் கோடு எங்கே போய் முடியும் என்று தெரிந்திருந்தால்தான் எழுத முடியும். அந்த எழுத்தைக் கற்கக் கற்க லூயிஸுக்கு எதிர்காலம் நினைவுக்கு வர ஆரம்பிக்கிறது. இனிமேல்தான் பிறக்கப்போகிற மகள் நினைவுக்கு வருகிறாள். அவள் சாவும்.

எழுத்தைக் கற்றால் எதிர்காலம் தெரியுமா, இது என்ன மந்திரமா என்று கேட்கத் தோன்றும். சியாங் இங்கேதான் ஒரு இயற்பியல் பாடத்தைக் கொண்டுவருகிறார். 1662-ல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா சொன்ன விதி அது. ஒளி ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போகும்போது, எந்தப் பாதையில் போனால் நேரம் மிகக் குறைவோ அதில் போகும். தண்ணீரில் ஒளியின் வேகம் காற்றில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதனால் தண்ணீருக்குள் போகிற தூரத்தைக் குறைத்துக்கொள்ளும் விதமாக ஒளி வளைகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒளிவிலகல் கணக்குப் போட்ட எல்லோருக்கும் விடை தெரியும். ஆனால் இந்த விதியில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கூகுள் மேப்பில் போகவேண்டிய இடத்தைப் போடாமல் சீக்கிரமான வழியைக் கேட்க முடியுமா? முடியாது. அப்படியானால் ஒளி கிளம்பும்போதே போய்ச் சேருமிடம் அதற்குத் தெரிந்திருக்க வேண்டுமே! ஃபெர்மாவின் காலத்திலேயே இந்த ஆட்சேபம் வந்தது. இயற்கைக்கு முன்யோசனை கிடையாதே, அது எப்படிக் குறைந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் என்று கிளெர்செலியே என்பவர் கேட்டார்.

இன்னொரு வகையிலும் இதை விளக்கலாம். நீர்ப்பரப்பில் பட்டது, வேகம் மாறியது, வளைந்தது. காரணம் முன்னால், விளைவு பின்னால். இரண்டு விளக்கத்துக்கும் விடை ஒன்றுதான். எது சரி என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. நாம் இரண்டாவது விளக்கத்தை இயல்பாக நினைக்கிறோம். ஹெப்டபாட்களுக்கு முதலாவது இயல்பு. இதுதான் சியாங்கின் கற்பனை. எதிர்காலம் தெரிவது என்பது இங்கே கிடைத்த வரம் இல்லை. ஒரே உலகத்தைப் படிக்க இரண்டு முறைகள் உண்டு, ஒருத்தி இரண்டாவதையும் கற்றுக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

எரிக் ஹைசரர் எழுதிய திரைக்கதையில் இந்த ஒளிவிலகல் கிட்டத்தட்டக் காணோம். சரி, சினிமாவில் போர்டு போட்டுப் பாடம் நடத்த முடியாது, ஒத்துக்கொள்கிறேன். பேசும் மொழி சிந்தனையை மாற்றும் என்ற சபீர்–வோர்ஃப் கருத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மொழி விஷயத்தில் உழைப்பும் குறைவில்லை; மெக்கில் பல்கலைக்கழக மொழியியலாளர் ஜெசிகா கூனிடம் ஆலோசனை கேட்டிருக்கிறார்கள், வட்டவட்டமான அந்த மை எழுத்துகளை அலச ஸ்டீபன் வோல்ஃப்ராமும் அவர் மகனும் நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஃபெர்மாவை எடுத்ததும் மொழி மந்திரமாகிவிடுகிறது. கற்றுக்கொண்டால் சக்தி வரும். மோதிரத்தைப் போட்டால் மறைந்துவிடலாம் என்கிற மாதிரி. மாயாஜாலக் கதைகள் எனக்கும் பிடிக்கும், டோல்கினை மட்டம் தட்டவில்லை. அறிவியல் புனைவு என்று போர்டு மாட்டிவிட்டு உள்ளே மந்திரம் விற்றால்தான் கொஞ்சம் உறுத்துகிறது.

இந்த உறுத்தல் முழுசாகத் தெரிவது அந்த போன் காலில். சீனத் தளபதி ஷாங் தாக்குதலுக்குத் தயாராகிறார். எதிர்காலத்தில் நடக்கப்போகிற ஒரு விருந்தில் அவரே லூயிஸிடம் தன் போன் நம்பரையும், தன் மனைவி சாகும்போது சொன்ன வார்த்தைகளையும் சொல்கிறார். லூயிஸ் அதை 'நினைவுகூர்ந்து' இப்போது போன் போட்டுப் போரை நிறுத்துகிறாள். தியேட்டரில் கைதட்டினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால், அவள் போன் செய்ததால்தான் அவர் சொல்கிறார், அவர் சொன்னதால்தான் அவள் போன் செய்கிறாள். இரண்டு மாட்யூல் ஒன்றையொன்று இம்போர்ட் செய்கிற கோட் மாதிரி. ரிவ்யூவில் இப்படி ஒன்று வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

வேடிக்கை என்னவென்றால், இதே படத்தில் சரியான ஒரு காட்சியும் இருக்கிறது. மகள் வீட்டுப்பாடத்துக்காக, இரண்டு பக்கமும் ஜெயிக்கிற நிலைமைக்கு டெக்னிகல் பெயர் என்னம்மா என்று கேட்கிறாள். லூயிஸுக்குத் தெரியவில்லை. அப்புறம் பல வருஷம் முன்னால், மகள் பிறப்பதற்கும் முன்னால், 'நான் ஜீரோ சம் கேம்' என்ற பதத்தை லூயிஸ் கேட்டது நினைவுக்கு வர, மகளுக்குச் சொல்கிறாள். கதையிலிருந்து எடுத்த காட்சி இது. நமக்குக் காட்டுகிற வரிசைதான் குழம்பியிருக்கிறது. தகவல் நேற்றிலிருந்து நாளைக்கு ஒழுங்காகத்தான் போகிறது. சியாங் லூயிஸுக்கு எதிர்காலத்தைக் காட்டுகிறார், அதை வைத்து அவளை எதையும் ஜெயிக்க விடுவதில்லை. கதையில் போர் கிடையாது, உலகத்தைக் காப்பாற்றும் வேலையும் கிடையாது. ஹெப்டபாட்கள் எதற்கு வந்தார்கள் என்று சொல்லாமலே கிளம்பிப் போய்விடுகிறார்கள். படத்தில் 3000 வருஷம் கழித்து உங்கள் உதவி தேவைப்படும் என்று காரணம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இதெல்லாம் சில்லறைப் புகார். பெரிய புகார் இனிமேல்தான்.

படத்தில் மகள் விடலை வயதில் குணப்படுத்த முடியாத ஒரு நோயில் சாகிறாள். கதையில் 25 வயதில், மலையேறும்போது விழுந்து சாகிறாள். இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். நோய் என்றால் அம்மாவால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்பது மட்டும்தான் கேள்வி, அதற்குப் படம் அழகாக, வயலின் இசையோடு பதில் சொல்கிறது. மலையேற்றம் என்றால் "இன்னிக்குப் போகாதேம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையை லூயிஸ் சொல்லமாட்டாள். ஏன்?

முதல் வாசிப்பில் எனக்கு அவள் மேல் ஆத்திரம்தான் வந்தது. சியாங்கின் பதில் பிடிபட ஒரு கிண்ணம் உதவியது. கதையின் கடைசிப் பகுதியில் லூயிஸ் கடையில் ஒரு மரக் கிண்ணத்தைப் பார்க்கிறாள், சாலட் கலக்குகிற கிண்ணம். மகளுக்கு மூன்று வயதாகும்போது அதே கிண்ணம் மேலே விழுந்து நெற்றியில் தையல் போடவேண்டிவரும் என்று அவளுக்குத் தெரியும். கை நீட்டி எடுக்கிறாள். யாரோ பிடித்துத் தள்ளியது போல இல்லாமல், விழுகிற பொருளை ஓடிப்போய்ப் பிடிப்பது போல எடுக்கிறாள். படத்தில் இந்தக் காட்சி இல்லை. என்னைக் கேட்டால் கதையே இதுதான்.

நம் கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாலி கட்டப்போகிறான் என்று ஆயிரம் பேருக்குத் தெரியும், பத்திரிகையில் முகூர்த்த நேரம் வரை அச்சடித்திருக்கிறோம். தெரிந்ததுதானே என்று கட்டாமல் விட்டால் கல்யாணம் ஆகிவிடுமா? தெரிந்ததைச் செய்தால்தான் அது நடந்ததாகும். ஹெப்டபாட்கள் பேசுவதும் வாழ்வதும் அப்படித்தான். நம் ஊர்க் கதையில் சகாதேவன் இருக்கிறான். களப்பலிக்கு நாள் குறித்துத் தரச்சொல்லி எதிரியான துரியோதனனே வந்து கேட்கிறான். குறித்துக் கொடுத்தால் தன் பக்கம் தோற்கும் என்று தெரிந்தும் சரியாகவே குறித்துக் கொடுக்கிறான். கூத்துப் பார்க்க உட்கார்ந்தவர்கள் யாரும் அவனைப் பைத்தியக்காரன் என்று எழுந்துபோனதில்லை.

இன்னொன்று. கதையில் லூயிஸ் மகளை 'நீ' என்று அழைத்து, நடக்கப்போவதை எதிர்கால வினையில் சொல்லி, அதையே நினைவு என்றும் சொல்கிறாள். ஆங்கிலத்தில் இது காதுக்கு விநோதமாக இருக்கும். தமிழில் யாராவது மொழிபெயர்த்தால் அந்த விநோதம் பாதி காணாமல் போய்விடும் என்று நினைக்கிறேன். "சாயங்காலம் ஓடி வருவா, மடியில உக்காருவா, கதை கேப்பா" என்று நம் பாட்டி சொன்னால் அது நடக்கப்போவதா, நடந்து முடிந்ததா? எதிர்கால வினையை வைத்துத்தான் நாம் பழைய வழக்கத்தையும் சொல்கிறோம். இலக்கணமாக இது சாதாரண விஷயம், ஆனால் இந்தக் கதையைப் படித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

இனி அந்த மூன்றாவது தடவை. அம்மாவுக்கு வந்த நோயைச் சொல்லி, டாக்டர் மாதக் கணக்கில் ஒரு கெடு சொன்ன சமயம் அது. ராத்திரி தூக்கம் வராமல் படத்தை ஓடவிட்டேன். போன் கால் வந்தபோது வழக்கம்போல எரிச்சல்தான். ஆனால் லூயிஸ் மகளைத் தூக்கிக் கொஞ்சும் காட்சிகளில் எதையும் குறை சொல்லத் தோன்றவில்லை. நாள் தெரிந்த பிறகும் அம்மாவுக்குக் காலையில் காபி போட்டோம், சர்க்கரை கம்மியாக இருக்கிறது என்று திட்டு வாங்கினோம், தீபாவளிக்குப் புடவை எடுத்தோம். அப்படித் தெரிந்துகொண்டு வாழ்வது எப்படி என்பதைப் படம் சரியாகவே காட்டுகிறது. நோயாக மாற்றியதைக் கோழைத்தனம் என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மனிதர்களுக்கு நிஜத்தில் வாய்க்கிற முன்னறிவு நோய் வழியாகத்தான் வருகிறது. படம் அதைத் தேர்ந்தெடுத்தது.

ஆனாலும் கதைதான் பெரியது என்கிற கட்சியிலிருந்து நான் மாறவில்லை. போன மாதம் மகள் பள்ளியிலிருந்து ட்ரெக்கிங் சம்மதப் படிவம் கொண்டுவந்தாள். அவளுக்கு 14 வயது. 2018-ல் குரங்கணி மலையில் நடந்தது ஞாபகம் வந்தது. இரண்டு நாள் அந்தத் தாள் டைனிங் டேபிளில் தண்ணி ஜாடிக்கு அடியிலேயே கிடந்தது. எனக்கு எதிர்காலம் தெரியாது, அதனால் கையெழுத்துப் போட முடிந்தது. லூயிஸுக்குத் தெரியும், தெரிந்தும் போடுகிறாள். அந்த இடத்துக்கு இன்றைக்கும் என்னால் போக முடியவில்லை. படம் என்னை அழவைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியது, கதை இன்னும் விடமாட்டேன் என்கிறது.

புதிதாக வருகிறவர்கள் முதலில் படம் பாருங்கள், அப்புறம் கதை படியுங்கள். மாற்றிச் செய்தால் என்னை மாதிரி போன் கால் வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிவரும். மகள் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டாள். முட்டியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.