மாதிரி ரயில்பாதையில் கணினிவழி பிளாக் சிக்னல்

பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு நேரத்தில் ஒரே ரயிலை அனுமதிப்பது பிளாக் முறை. 1889-இல் அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே நடந்த கோர விபத்துக்குப் பின் பிரிட்டன் பயணிகள் ரயில்பாதைகளில் இதைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. அந்த விதியை மாதிரி ரயில்பாதைகளில் இன்று கணினி நடைமுறைப்படுத்துகிறது. 2001-இல் ஹாம்பர்க்கில் திறக்கப்பட்ட, 1:87 அளவிலான மினியேச்சர் வுண்டர்லாண்ட் இதற்குப் புகழ்பெற்ற சான்று.

ஒவ்வொரு பிளாக்கின் தண்டவாளமும் அடுத்ததிலிருந்து மின்காப்பால் பிரிக்கப்படுகிறது. பிளாக்கில் மின்சாரம் செலவாவதை உணர்கருவி கண்டு கணினிக்குத் தெரிவிக்கிறது. ஜேஎம்ஆர்ஐ, ராக்ரெயில் போன்ற மென்பொருள்கள் அதைக்கொண்டு சிக்னலை மாற்றி, எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சிறு மின்சுற்றுக்கு வேகக் கட்டளை அனுப்புகின்றன.

பழைய நேர்மின் முறையில் சிவப்பு சிக்னலுக்கு முன்னுள்ள துண்டில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். ரயில் குலுங்கி நிற்கும், விளக்கும் அணையும். டிஜிட்டல் முறையில் பாதையில் எப்போதும் மின்சாரம் இருப்பதால் ரயில் மெல்ல வேகம் குறைந்து, விளக்கு எரிய நிற்கிறது. ஒருவரே பல ரயில்களை ஓட்டலாம். சிக்னல் விதியை மாற்ற வயரிங்கைப் பிரிக்க வேண்டியதில்லை. மென்பொருளில் திருத்தினால் போதும்.

இம்முறையின் பெருங்குறை உணர்கருவியில் உள்ளது. உண்மையான ரயில்பாதைகளில், 1872-இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற தடச்சுற்றில், பாதை காலியாக இருக்கும்போது ரிலே என்ற மின்காந்த நிலைமாற்றிக்குத் தண்டவாளம் வழியே மின்சாரம் பாய்கிறது. ரயிலின் சக்கரங்கள் இரு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்ததும் ரிலே விழுகிறது. கம்பி அறுந்தாலும் ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். பழுது பாதுகாப்பின் பக்கமே சாய்கிறது. மாதிரிப் பாதையின் மின்னோட்ட உணர்கருவி இதற்கு நேர்மாறு. மின்சாரம் செலவானால்தான் ரயில் இருப்பதாகப் பொருள். சக்கரத்தில் அழுக்கு படிந்தாலோ கம்பி கழன்றாலோ, ரயில் நிற்கும் பிளாக்கும் காலியாகத் தெரியும். அறுந்து நின்ற பெட்டியையும் கணினி அறியாது.

இதற்குத் தீர்வுகள் உண்டு. பெட்டிகளின் சக்கர அச்சில் 10 கிலோ ஓம் அளவிலான மின்தடை பொருத்தினால், சிறு மின்னோட்டம் ஓடி பெட்டியும் புலப்படும். அடுத்த பிளாக்கில் ரயில் தென்படாமல் முந்தைய பிளாக் திடீரெனக் காலியானால், அங்கு ரயில் இருப்பதாகவே கொள்ளும்படி மென்பொருளை அமைக்கலாம். இவ்விரண்டும் இல்லாத அமைப்பை நம்பி ரயில்களை ஓடவிடுவது தவறு.

வேறு இடர்களும் உள்ளன. ஒவ்வொரு எஞ்சினின் வேகத்தையும் தனித்தனியே அளந்து பதியாவிட்டால் ரயில் சிக்னலைத் தாண்டி நிற்கும். ஒற்றைப் பாதையில் அடுத்த பிளாக்கை மட்டும் பார்த்து வழிவிட்டால், எதிரெதிர் ரயில்கள் ஒன்றையொன்று மறித்து நின்றுவிடும்; ரயில்கள் ஒன்றையொன்று கடக்க உதவும் அடுத்த லூப் வரையுள்ள வழி முழுவதையும் முன்பதிவு செய்வதே தீர்வு. எல்லாவற்றையும் கணினியிடம் விட்டால், நிலைய அதிகாரியாகவும் ஓட்டுநராகவும் பணியாற்றும் இன்பமும் குறைகிறது.

பல ரயில்கள் ஒரே நேரத்தில் ஓடும் பெரிய அமைப்புக்குக் கணினிவழி பிளாக் சிக்னல் இன்றியமையாதது. ஓரிரு ரயில்களே ஓடும் சிறிய பாதைக்கு அதன் செலவும் உழைப்பும் மிகை. எந்த அளவிலும் மென்பொருளுக்கு முன் கவனிக்க வேண்டியவை தூய்மையான தண்டவாளமும் நம்பகமான உணர்கருவியுமே.