அண்ணாவியாரும் விளம்பரதாரரும்: தொலைக்காட்சி மகளிர் நிகழ்ச்சி அறிவிப்பாளரின் வளர்ச்சிப் பாதை பற்றி

சமையல், உடை, அழகு, உடல்நலம், இல்லறம் என்பவற்றைப் பொருளாகக் கொண்ட தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை நமது விமரிசகர்கள் பொருட்படுத்துவதில்லை. நாவலுக்கும் நாடகத்துக்கும் உரிய அளவுகோல்கள் அவற்றுக்குப் பொருந்தா என்பது அவர்தம் எண்ணம் போலும். ஆயின், எதை உண்பது, எவ்வாறு உடுப்பது, எத்தகைய தமிழிற் பேசுவது என்பவற்றை நாள்தோறும் நம் வீட்டினுள் வந்து சொல்பவர் அந்நிகழ்ச்சிகளின் அறிவிப்பாளரே. அவர் எவ்வாறு உருவாகிறார், எவருடைய தீர்ப்பினால் உயர்கிறார் என்னும் வினாக்கள் பண்பாட்டு விமரிசனத்துக்கு உரியவை.

மட்டக்களப்பு வாவிக்கரையில் நிகழ்த்து கலைஞனின் வளர்ச்சிக்கென ஒரு மரபொழுங்கு உண்டு. கூத்திற் சேர்பவனுக்கு அண்ணாவியார் சட்டங் கொடுப்பார். அதன்பின் நெடுநாட் பழக்கம், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், ஈற்றில் அரங்கேற்றம். ஆசானின் கண்டிப்பும் ஊரவரின் இரசனையும் இப்படிகள் தோறும் அவனை அளக்கின்றன. அவனை மதிப்பிடுவோர் அவன் மொழியைப் பேசுவோர். அவனோடு ஒரே வயல்வெளியில் வாழ்வோர். இம்மரபின் குறையையும் மறைத்தற்கில்லை. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். பெண்ணுக்கு இப்பாதை திறந்திருக்கவில்லை.

அந்தக் கதவைத் திறந்ததில் வானொலிக்குப் பெரும் பங்குண்டு. இராஜேஸ்வரி சண்முகத்தின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும். வானொலி நாடக நடிகையாகப் பயின்று, பின்னர் அறிவிப்பாளராகி, ‘பூவும் பொட்டும் மங்கையர் மஞ்சரி’ நிகழ்ச்சியின் வழியே இல்லந்தோறும் அறியப்பட்ட அவர் 2012இல் மறைந்தார். நாடகப் பயிற்சி அவர் குரலுக்கு ஒழுங்கு தந்தது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பெண்கள் எழுதி அனுப்பியவை அந்நிகழ்ச்சியில் இடம்பெற்றன. இன்று எழுத்தாளராக அறியப்படும் பெண்கள் சிலர் தம் எழுத்துப் பயணத்தை அங்கிருந்தே தொடங்கினர். அறிவிப்பாளர் உயர்ந்தபோது கேட்போரும் உயர்ந்தனர் என்பதே இங்கு மனங்கொள்ள வேண்டியது.

விளம்பரம் வானொலிக்குப் புதியதன்று. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இலேயே தொடங்கிவிட்டது. எனினும், நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் இடையே ஓர் எல்லை காக்கப்பட்டது. தொலைக்காட்சியின் வருகையுடன் அவ்வெல்லை தளர்ந்தது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும் ரூபவாஹினி 1982இலும் ஒளிபரப்பைத் தொடங்கின. 1998இல் சக்தி தொலைக்காட்சி தமிழுக்கென வந்தது. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் வளர்த்த ‘பாட்டுக்குப் பாட்டு’ தமிழகத் தொலைக்காட்சிக்குச் சென்றபோது, ஒரு நகைக்கடையின் பெயரைத் தலைப்பிலேயே சுமந்து ‘லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு’ ஆயிற்று. அவருடைய தமிழின் செம்மை அங்கும் குன்றவில்லை. அது பழைய பயிற்சியின் வலிமை. அப்பயிற்சியைப் பெறாது நேரே ஒளிப்படக் கருவியின் முன் நிற்கும் இளையோருக்கு எத்தகைய காப்பு உண்டு?

அடுத்த கட்டத்தைச் சக்தி தொலைக்காட்சியின் செய்தி வாசிப்பாளராயிருந்த லொஸ்லியாவிடம் காணலாம். 2019இல் தமிழகத்தின் ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியிற் பங்குகொண்டு, 2021இல் ‘பிரெண்ட்ஷிப்’ திரைப்படத்தின் நாயகியானார். அவரைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. திறமையுள்ள இளம்பெண் கிடைத்த வாய்ப்பை ஏற்பது இயல்பு. நாம் நோக்க வேண்டியது பாதையின் அமைப்பையே. முன்னர் அறிவிப்பாளர் வாழ்க்கையைப் பற்றிப் பேசினார். இங்கு அவருடைய உண்பதும் அழுவதும் உறங்குவதுமே நிகழ்ச்சியாயின. அவர் பேசிய ஈழத்தமிழும் தமிழகத்தாருக்கு ஒரு கவர்ச்சிப் பொருளாயிற்று. நம் மொழி நம்மிடையே மதிப்புப் பெறாமல், அயற்சந்தையில் விலைபோன பின்னரே நமக்கும் இனிக்கிறது.

கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் பயிலும் பெண்களுக்கு இது ஏட்டு வினாவன்று. ஊடகத் தொழிலை நாடும் மாணவிக்குக் கொழும்பே வாயில். அங்கு அவள் முதலிற் கழற்றி வைப்பது தன் ஊர்ப் பேச்சை. மட்டக்களப்புத் தமிழை, பேச்சுவழக்குகளுள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது எனக் கமில் சுவெலபில் மதிப்பிட்டார். ஆயினும் சமையல் நிகழ்ச்சியொன்றில் நமது ‘மறுகா’ என்ற சொல்லைக் கேட்பது அரிது. ஒரு வேலை முடிந்ததும் அடுத்த வேலையைத் தொடங்கும் சொல் அது; சமையலை விளக்குவோருக்கு அதனினும் பொருத்தமான சொல் வாய்ப்பது கடினம். அதன் இடத்தை ‘அப்புறமும்’ ‘நெக்ஸ்டும்’ பிடித்துக்கொண்டன. சொல்லோடு அதற்குரிய வாழ்வும் ஒதுங்குகிறது. வாவி இறாலும் எருமைத் தயிரும், பன்பாய் இழைக்கும் கைகளும், மருதமுனைக் கைத்தறியும், வீடும் வளவும் மகளுக்கே சேரும் குடிமரபும் ‘வாழ்க்கைமுறை’ என்ற தலைப்பினுள் அடங்குவதில்லை. சுற்றுலாக் காட்சியாக எப்போதாவது வந்து மறைகின்றன.

எனவே, அறிவிப்பாளரின் வளர்ச்சியை அவருக்குக் கிட்டிய புகழினால் மட்டும் அளத்தல் போதாது. அவர் என்ன பயின்றார், எவர் வாழ்வுக்குக் குரல் கொடுத்தார், அவர் உயர்ந்தபோது வேறெவர் உயர்ந்தனர் என்பனவும் கேட்கப்படல் வேண்டும். நமது கற்கைநெறிகள் அண்ணாவி மரபின் பயிற்சி ஒழுங்கையும் வானொலி நாடகத்தின் குரற்பயிற்சியையும் இணைத்து, வாவிக்கரைப் பெண்களின் பேச்சையும் தொழிலையும் பாடப்பொருளாக்குமாயின், தன் ஊர்த்தமிழுடனேயே ஒளிபரப்பு நிலையத்தினுள் நுழையும் அறிவிப்பாளர் ஒருத்தியை நாம் எதிர்பார்க்கலாம். அவளை ஏற்கும் துணிவு நிலையங்களுக்கு வருமா என்பது, பார்ப்போராகிய நாம் எதை வேண்டிக் கேட்கிறோம் என்பதிலேயே தங்கியுள்ளது.