வேம்பும் மாற்றுப் பெயரும்

கதையில் வரும் ஒருவரைக் காட்டி, 'இவர் இன்னார்தாம்' என்று ஊரார் பேசுவதும், 'பெயரை மாற்றித்தானே எழுதினேன்' என்று எழுத்தாளர் விடையளிப்பதும் நமக்குப் பழகிய வழக்காகிவிட்டன. பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடுவாரா என்பதே இங்கு நாம் ஆராய்வது.

அகப்பாடலில் எவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. நக்கீரரின் நெடுநல்வாடையில் அரசன் பெயர் இல்லை. ஆயினும் வேலில் வேம்பு கட்டியிருந்ததைப் புலவர் சொல்லிவிட்டார். வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அதனால் அப்பாட்டு புறமாயிற்று என்றார் நச்சினார்க்கினியர். ஆளைக் காட்டிக் கொடுக்கப் பெயர் வேண்டியதில்லை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் கூறும் கருத்தும் இதனோடு ஒத்தது. பெயர் சொல்லாவிடினும், கேட்பவர் ஆளை அறிந்துகொண்டால் அது புறம்பேசலே. அறிய வழியில்லையெனில் அன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் ஒருவரின் தவற்றைக் கண்டிக்க நேர்ந்தால், அவரைச் சுட்டாது, சிலர் இவ்வாறு செய்கின்றனரே எனப் பொதுப்படக் கூறும் வழக்கமுடையவர்கள்.

இவ்வளவுகோலைத் தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தில் (1879) வைத்துப் பார்ப்போம். அதன் ஆசிரியர் வேதநாயகம் பிள்ளை, தரங்கம்பாடி 1845இல் டேனிஷாரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின்னர் அங்கு முன்சீப்பாக இருந்தவர். சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பணியைத் தொடர்ந்தவர். காவிரிக்கரைக் குடும்பங்கள் பலவற்றின் வழக்குகள் அவர் முன் வந்தவை. எனினும் அவர் கதை நிகழும் சத்தியபுரியும் விக்கிரமபுரியும் கற்பனை ஊர்கள். தமிழறிந்த நீதிபதி முன் தமிழ் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கத்தை அந்நாவல் கடுமையாகச் சாடுகிறது. அது அவர் அன்றாடம் புழங்கிய துறையின் குறை. அக்கால வக்கீல்களுக்கு அது தைத்திருக்கும்; ஆனால் இன்ன வக்கீல் என்று காட்ட அதில் வேம்பு இல்லை.

பொதுப்பதவியில் தவறிழைத்தவரைச் சுட்டவே கூடாதா எனில், சுட்டலாம். அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவதைக் கஸ்ஸாலியும் விலக்கவில்லை. ஆனால் அதைக் கட்டுரையில், சான்றோடு, உண்மைப் பெயரிலேயே செய்ய வேண்டும். உள்ள குறையைச் சொல்வது புறம். இல்லாததைச் சொல்வது அவதூறு என்பது நபிமொழி. மாற்றுப் பெயர்க் கதையிலோ இரண்டும் கலந்துவிடுகின்றன. பிரித்தறிய வாசகருக்கு வழியில்லை. பழிக்கப்பட்டவர் மறுக்க முன்வந்தால், 'அது நான்தான்' என்று ஒப்புக்கொண்டவராகிறார். தெருவுக்குத் தெரு உறவுமுறை கொண்ட சிற்றூரில், ஒரு கைம்பெண்ணின் வாழ்வு இவ்வாறு கதையானால் அவருக்கு ஒதுங்க இடமேது?

வாசகருக்கும் இதில் பங்குண்டு. துருவித் துருவி ஆராய்வதையும் புறம்பேசுவதையும் அல்ஹுஜுராத் அத்தியாயம் ஒரே வசனத்தில் விலக்குகிறது. கதைமாந்தரின் மூலவர் யாரெனத் தேடித் திரிவதைத் திறனாய்வு என்று நாம் அழைப்பதை நிறுத்த வேண்டும்.